லைப்ரரி மேட்ச் 95 வந்தால் போதுமா?

'வண்டலில் பென்சோ(ஏ)பைரீன் இருப்பது உறுதி' என்று மறுபடியும் ஓர் அறிக்கை. ஆதாரத்தைத் தேடிப் புரட்டினால், ஜிசி-எம்எஸ் கருவி (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் அளப்பது) தந்த லைப்ரரி மேட்ச் 95. ஒப்பிட ஸ்டாண்டர்டு (இன்னதென்று உறுதியாகத் தெரிந்த மாதிரி) ஓட்டிய சுவடே இல்லை.

அந்த 95, 95 சதவீத உறுதி அல்ல. உங்கள் பீக்கின் (வரைபடத்தில் எழும் முகடு) மாஸ் ஸ்பெக்ட்ரம், அதாவது அதன் அயனிகளின் நிறைப் படம், கருவியின் லைப்ரரியில் உள்ள ஒன்றின் சாயலில் இருக்கிறது, அவ்வளவுதான். அதே சாயலில் இன்னும் நாலு பேர் இருக்கலாம். பென்சோ(பி)ஃபுளோரான்தீன், பென்சோ(கே)ஃபுளோரான்தீன், பென்சோ(இ)பைரீன், பென்சோ(ஏ)பைரீன், பெரிலீன் ஐந்துக்கும் மூலக்கூறு நிறை 252. எலக்ட்ரான் அயனியாக்கத்தில் (எலக்ட்ரான்களை மோதவிட்டு அயனியாக்கும் முறை) ஐந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். இவற்றில் பெரிலீன், ஆக்சிஜன் இல்லாத வண்டலில் இயற்கையாகவே உருவாகக்கூடியது. பென்சோ(ஏ)பைரீனோ புற்றுநோய்க் காரணி. ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டு யார்மேல் பழி போடப் போகிறீர்கள்?

இவற்றைப் பிரித்துக் காட்டுவது ரிட்டென்ஷன் டைம், அதாவது கருவியின் குழாயைக் கடந்து வெளிவர எடுக்கும் நேரம். 5 சதவீத ஃபீனைல் பூச்சுள்ள கேபிலரி குழாயில் ஐந்தும் மேலே எழுதிய வரிசையிலேயே வெளிவரும். ஆகவே ஐந்தும் உள்ள ஸ்டாண்டர்டை அதே நாளில், அதே வெப்பநிலை புரோகிராமில் ஓட்டுங்கள். பி, கே இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். நடுவிலுள்ள பள்ளம் இரு பீக்குகளின் சராசரி உயரத்தில் பாதிக்குக் கீழே இறங்காவிட்டால் தனித்தனி எண் வேண்டாம், இரண்டையும் கூட்டி எழுதுங்கள்.

பிளாங்க் (வண்டல் சேர்க்காமல் அதே படிகளில் ஓட்டிய வெற்று மாதிரி) இல்லாமல் வரும் குரோமடோகிராமை (கருவி தரும் பீக் வரைபடம்) நான் பார்ப்பதே இல்லை. நிறை 149 உள்ள அயனி துள்ளி நின்றால் முதலில் உங்கள் பிளாஸ்டிக் பையைச் சந்தேகியுங்கள். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் அங்கிருந்தும் வரும். வண்டலை 400 டிகிரியில் சுட்ட கண்ணாடி ஜாடியில் எடுத்து, டெஃப்லான் பதித்த மூடியிட்டு, இருட்டில் 4 டிகிரியில் வையுங்கள். நிறை 207 உள்ள அயனி என்றால் கேபிலரி குழாயின் சிலிக்கோன் பூச்சு கசிகிறது. மாசு என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

கறுத்த, நாறும் வண்டலில் கந்தகம் இருக்கும். அதை நீக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய செம்புத் தூளை, வண்டலிலிருந்து பிரித்தெடுத்த சாற்றில் போடுங்கள். கறுத்தால் இன்னும் போடுங்கள், கறுப்பது நிற்கும்வரை. டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய சரோகேட்டுகளை, அதாவது இழப்பை அறியத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்களை, பிரித்தெடுப்புக்கு முன்பே சேர்க்க வேண்டும். கடைசியில் சேர்த்தால் வழியில் இழந்தது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

ஈர எடையில் கணக்குப் போடாதீர்கள். 60 சதவீதம் தண்ணீர் உள்ள வண்டலில் ஈர எடைக்குக் கிராமுக்கு 40 நானோகிராம் என்றால், உலர் எடைக்கு அது 100.