‘இன்னிங்ஸ்’ என்பதற்கு ‘முறை’ போதுமா?

கோவையில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூல் விளையாடக் கூடுவோம். மேசையில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்ற பந்துகளை ஓரத்துக் குழிகளில் (பாக்கெட்) விழவைக்கிற ஆட்டம் அது. அதில் எயிட் பால் என்ற வகையையே ஆடி அலுத்துப்போன ஒரு நாள், பெருந்துறைக்காரத் தம்பி ஒருத்தர், “ஸ்ட்ரெய்ட் பூல் ஆடிப் பாக்கலாமுங்ணா” என்றார். 30 புள்ளிக்கு ஒரு சின்ன ஆட்டம். பிரேக், அதாவது அடுக்கிய பந்துக் கூட்டத்தின் மேல் அடிக்கிற முதல் அடி, என் தலையில் விழுந்தது. முக்கோணத்தின் மூலைப் பந்தை ஓரமாக உரசிவிட்டு, வெள்ளைப் பந்தை என் பக்கத்துக் குஷனுக்கே (மேசையின் ஓரத் தடுப்பு) திருப்பிக் கொண்டுவர நினைத்து அடித்தேன். உரச வேண்டியது முட்டிவிட்டது. ஒரு பந்து கூட்டத்தை விட்டுப் பிரிந்து நடு பாக்கெட்டுக்கு எதிரே போய் நின்றது. தம்பி குனிந்தார், போட்டார். அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. எனக்கிருந்த வேலை 14 பந்து தீரும்போது எழுந்துபோய் அடுக்கிக் கொடுப்பது. ரெண்டு தடவை அடுக்கினேன். 30 ஆகிவிட்டது.

நோட்டில் அவர் எழுதினார்: இன்னிங்ஸ் 1 – 1.

“எனக்கு எங்க தம்பி ஒண்ணு? நான் உக்காந்துதான இருந்தேன்?”

“பிரேக் அடிச்சீங்கள்லங்ணா, அது உங்க இன்னிங்ஸ்தானுங்க. ஆமா, இன்னிங்ஸுங்கறத தமிழ்ல என்னங்ணா சொல்றது?”

முறை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. எனக்கு ஒரு முறை கிடைத்ததா இல்லையா?

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெய்ட் பூலுக்கு 14.1 என்றொரு பெயரும் உண்டு. 15 பந்து. எந்தப் பந்து, எந்த பாக்கெட் என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். விழுகிற பந்துக்கு ஒரு புள்ளி. 14 பந்து விழுந்ததும் 15ஆவது பந்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற 14ஐயும் திரும்ப அடுக்குவார்கள். ஆடுகிறவர் அந்த ஒற்றைப் பந்தைப் போடும்போதே கூட்டத்தையும் உடைத்துக்கொண்டு தொடர்ந்து போவார். போட்டியைப் பொறுத்து 100, 125, 150 என்று இலக்கு வைப்பார்கள். இந்த ஒற்றைப் பந்து ஏற்பாடு 1910 வாக்கில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜெரோம் கியோ கொண்டுவந்தது. அது வந்த பிறகுதான் ஒருவர் கையிலேயே ஆட்டம் நூற்றுக்கணக்கான பந்துக்கு நீள முடிந்தது. 1954இல் ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒரு காட்சி ஆட்டத்தில், வில்லி மாஸ்கோனி தவறாமல் 526 பந்து போட்டார். அந்தச் சாதனை 2019 வரை நின்றது. அந்த ஆண்டு ஜான் ஷ்மிட் 626 போட்டார்.

ஒருவர் தவறும் வரை அவர்தான் ஆடுவார். அப்படி அவர் மேசையில் இருக்கும் காலத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் ‘இன்னிங்’. பழைய ஆங்கிலத்தில் ‘இன்னுங்’, அதாவது உள்ளே எடுத்துக்கொள்வது. வேர் ‘இன்’, உள்ளே. உள்ளே இருக்கிற காலம் என்ற பொருளில் அது கிரிக்கெட்டுக்கு வந்தது. கிரிக்கெட்டில் ஒன்றானாலும் பலவானாலும் ‘இன்னிங்ஸ்’. பூல் நோட்டில் ஒருமைக்கு ‘இன்னிங்’ என்றுதான் இருக்க வேண்டும். நாமெல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் ‘ஸ்’ ஒட்டிக்கொண்டது. கூடவே ஒரு எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டது. கிரிக்கெட்டில் ஒரு அணி எத்தனை ரன் குவித்தாலும் அடுத்த அணிக்கு மட்டை பிடிக்கக் கிடைக்கும். ஸ்ட்ரெய்ட் பூலில் அந்த உறுதி இல்லை.

‘டர்ன்’ என்ற சொல்லின் கதை எங்கள் ஊருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கிரேக்கத்தில் ‘டோர்னோஸ்’ என்றால் கடைசல் கருவி. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ‘டர்ன்’ ஆனது. சுழற்று, திருப்பு, சுற்றி உன்னிடம் வருவது என்று பொருள் விரிந்துகொண்டே போனது. கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துப் பட்டறையில் நிற்கிற டர்னரும், தாயக்கட்டத்துக்கு முன்னால் “என் டர்ன்” என்று கத்துகிற பிள்ளையும் ஒரே வேரைத்தான் உச்சரிக்கிறார்கள். ‘சான்ஸ்’ லத்தீனில் விழுதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. பகடை விழுகிற விழுதல் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இனி முறை. ஒழுங்கு, நீதி, உறவு, தடவை, ஒருவருக்குப் பின் ஒருவராக வரும் உரிமை என்று இத்தனை பொருளையும் தாங்குகிற சொல் இது. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்று குறள் (388) சொல்லும்போது அங்கே முறை என்பது நீதி. அந்த நீதி கிடைக்காதவன் போய் முறையிடுகிறான். அது கெட்டால் முறைகேடு. மாமன் மகள் முறைப்பெண். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் அதே ‘முறப்பெண்ணு’ மலையாளத்திலும் உண்டு. விட்டுவிட்டு வருகிற காய்ச்சல் முறைக்காய்ச்சல். கோயிலில் பூசாரிக் குடும்பங்கள் மாறிமாறிப் பூசை பார்ப்பதும் முறைதான். கொங்குப் பேச்சில் ‘மொறை’. “இது மொறைங்களா?” என்று ஒருவர் கேட்டால், இது யாருடைய வரிசை என்று கேட்கவில்லை, இது நியாயமா என்று கேட்கிறார். வரிசைக்கும் நியாயத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி, வரிசை தப்பினால் நியாயமும் தப்பும் என்று நம்புகிற மொழி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு இன்னொரு பழந்தமிழ்ச் சொல்லும் இருந்தது: ஊழ். அதற்கு முறைமை என்றும் பொருள். தமிழில் அது விதி என்ற பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மலையாளத்தில் இன்றைக்கும் ‘ஊழம்’ என்றால் ஒருவருக்கு வரும் முறை. அதை மீட்டுக்கொண்டு வரலாம் என்று ஆசைதான். ஆனால் “உங்க ஊழ் வந்துருச்சுங்க” என்றால் கேட்கிறவர் பதறிப்போவார்.

முறை என்ற சொல் கொங்கு நாட்டில் புத்தகத்தில் வாழவில்லை, வாய்க்காலில் வாழ்கிறது. எங்கள் தோட்டத்துக் கிணறு மூன்று குடும்பத்துக்குப் பங்குக் கிணறு. ஆளுக்கு ரெண்டு நாள் முறைத்தண்ணி. எங்கள் முறை பாதி நாள் ராத்திரியில்தான் வரும். அப்பாரு தோளில் மம்முட்டியும் கையில் டார்ச்சுமாகக் கிளம்புவார். மடையில் தண்ணீர் திரும்பும்போது, காய்ந்த மண் அதை உறிஞ்சுகிற சத்தம் இருட்டில் துல்லியமாகக் கேட்கும். நாலு பாத்தி பாய்வதற்குள் கரண்டு போய்விடும். விடியும் வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து அப்பாரு சொல்வார்: “மொறை வந்துச்சு, தண்ணி வல்ல.”

இது வருசக்கணக்கில் சண்டையாக நடந்தது. கடைசியில் மூன்று வீட்டாரும் உட்கார்ந்து பேசி, நாள் கணக்கை விட்டுவிட்டு மோட்டார் ஓடுகிற மணிக்கணக்குக்கு மாறினார்கள். மோட்டார் ஓடிய நேரம்தான் முறை, ஓடாத நேரம் முறையில் சேராது. நான் பார்த்த தீர்ப்புகளிலேயே தெளிவானது அதுதான்.

பெரிய அளவிலும் இதே கணக்குதான். கீழ்பவானிப் பாசனம் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே போகத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாது. அதனால் பிரதானக் கால்வாயில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, பாதிக்கு முதல் போகம் நன்செய்க்கும், மீதிப் பாதிக்கு இரண்டாம் போகம் புன்செய்க்கும் விடுகிறார்கள். நெல்லுக்குக் கிடைக்கிற தண்ணீரும் கடலைக்கும் எள்ளுக்கும் கிடைக்கிற தண்ணீரும் ஒன்றல்ல, அதனால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்கிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாக்கி, மண்டலத்துக்கு மண்டலம் மாற்றி விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விடும்போது, இடைவெளி விட்டு எத்தனை ‘சுற்று’ என்று பேசுவார்கள். இங்கேயே சொல் விளக்கத்துக்கு ஒரு முடிவு கிடைத்துவிடுகிறது. சுற்று என்பது எல்லோருக்கும் ஒரு தடவை வந்து முடிகிற வட்டம். முறை என்பது அந்த வட்டத்தில் ஒருவருக்கு உரியது. இன்னிங்கைச் ‘சுற்று’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது பொருந்தாது.

ஆனால் பூலில் வருகிற முறைக்கும் தண்ணீர் முறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தண்ணீர் முறை கடிகாரத்தோடு முடியும். பூல் முறை தவறினால்தான் முடியும். இதற்கு நம் ஊரில் நல்ல உவமை பல்லாங்குழி. கையில் இருந்த கடைசிக் காயைப் போட்ட பிறகு அடுத்த குழியில் காய் இருந்தால் அள்ளிக்கொண்டு தொடர வேண்டியதுதான். அது வெறுங்குழியாக இருந்தால் அதற்கடுத்த குழியில் இருப்பதைத் துடைத்து எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். எங்கள் அம்முச்சி ஒரு தடவை ஆரம்பித்தால், நான் அடுப்படிக்குப் போய் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்த பிறகும் காய் போட்டுக்கொண்டே இருப்பார். யாரும் அதை முறைகேடு என்று சொன்னதில்லை.

அப்படியானால் ஸ்ட்ரெய்ட் பூலில் என் மனக்குறை எங்கே இருந்து வந்தது? பிரேக்கில் இருந்து. முதல் அடியில் பந்தையும் பாக்கெட்டையும் சொல்லிப் போடலாம்தான், நெருக்கி அடுக்கிய முழுக் கூட்டத்தில் யாரும் அதற்குத் துணிவதில்லை. போடாவிட்டால் வெள்ளைப் பந்தும், குறைந்தது இரண்டு பந்துகளும் குஷனைத் தொட வேண்டும். தொடாவிட்டால் 2 புள்ளி போய்விடும், எதிராளி விரும்பினால் மறுபடியும் உடைக்கச் சொல்லலாம். பிரேக் அடிப்பவர் ஒன்றும் சம்பாதிப்பதில்லை, எதிராளிக்கு ஒன்றும் கொடுக்காமல் தப்பிக்கப் பார்க்கிறார். அதனால்தான் ஆட்டம் தொடங்குவதற்கு முன் இருவரும் ஆளுக்கொரு பந்தை எதிர்க் குஷன் வரை உருட்டி, யாருடையது திரும்பி வந்து தன் பக்கத்துக் குஷனுக்கு அருகில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். கோலியில் கோட்டை நோக்கி உருட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி. ஜெயித்தவர் வழக்கமாக பிரேக்கை எதிராளி தலையில் கட்டுவார். முதல் முறையை வேண்டாம் என்று தள்ளுவதற்காகப் போட்டி போடுகிற ஆட்டம் இது.

இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன ‘சான்ஸ்’ வருகிறது. அதற்குத் தமிழ் வாய்ப்பு. ஆங்கிலத்தில் ‘டர்ன்’, ‘சான்ஸ்’ இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுகிறார்கள், நாமும் அப்படியே பழகிவிட்டோம். தமிழில் முறை வேறு, வாய்ப்பு வேறு. முறை வரிசையால் வருவது, வாய்ப்பு மேசையில் என்ன இருக்கிறது என்பதால் வருவது. பிரேக் அடித்த எனக்கு முறை வந்தது, வாய்ப்பு வரவில்லை. ‘சேஃப்டி’ என்று ஒரு அடி இருக்கிறதே, அதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை: முறையை எதிராளியிடம் கொடுத்துவிட்டு வாய்ப்பைக் கொடுக்காமல் இருப்பது. அப்பாரு வரப்பில் உட்கார்ந்திருந்ததும் அதுதான். கடைமடைக்காரர்கள் வருசாவருசம் சொல்வதும் அதுதான்.

மூன்று குஷன் கேரம் பில்லியர்ட்ஸ் என்று, பாக்கெட் இல்லாத மேசையில் ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. தொடங்கியவர் இலக்கை எட்டிவிட்டால், இரண்டாமவருக்கு இன்னொரு முறை தருவார்கள். பந்துகளைத் தொடக்க நிலையிலேயே வைத்து அதிலிருந்து ஆடச் சொல்வார்கள். அதைச் ‘சரிகட்டு முறை’ என்று சொல்லலாம். இதையே ஸ்ட்ரெய்ட் பூலிலும் வையுங்கள் என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். யோசித்துப் பார்த்தால் அது ஒட்டாது. கேரமில் தொடக்க நிலையே ஒரு நல்ல வாய்ப்பு, அதனால் அதைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. ஸ்ட்ரெய்ட் பூலில் தொடக்க நிலையில் வாய்ப்பே இல்லை, அதைக் கொடுத்து என்ன செய்வது? அதோடு சரிகட்ட வேண்டியது இரண்டாமவருக்கு அல்ல, பிரேக் அடித்தவருக்கு. பிரேக் அடித்தவர் தன் 5ஆவது முறையில் 100ஐ எட்டினால் எதிராளிக்கு 4 முறைதான் ஆகியிருக்கும். நோட்டைப் பார்த்தால் அநியாயம் போலத் தெரியும். பிரேக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இருவரும் 4 தடவைதான் புள்ளிக்கு ஆடியிருக்கிறார்கள். இரண்டாமவர் 5ஆவது முறையில் எட்டினால் நோட்டில் 5 – 5 என்று சமமாகத் தெரியும், உள்ளே பார்த்தால் 4 – 5. மோட்டார் ஓடாத நேரத்தையும் முறையில் சேர்த்துக்கொண்ட பழைய கிணற்றுக் கணக்கு அது.

இதற்கு என் தீர்வு கீழ்பவானித் தீர்வுதான். இலக்கு பெரிதாக இருந்தால் ஒரு பிரேக்கின் சுமை கரைந்துவிடும், 150 புள்ளி ஆட்டத்தில் குறைபட ஒன்றுமில்லை. எங்களைப் போல 30க்கும் 50க்கும் ஆடுகிறவர்கள் இரண்டு ஆட்டம் ஆடி, பிரேக்கை மாற்றிக்கொண்டு, புள்ளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தம்பி உடனே ஒத்துக்கொண்டார். அவர் வீட்டுக் காடும் வாய்க்கால் பாசனம், விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லுக்கு வருகிறேன். இன்னிங் என்பதற்கு முறையே சரி. ஒரு முறைக்குள் தவறாமல் விழுந்த பந்துகளின் எண்ணிக்கைக்குத் தொடர்: “அவருடைய பெரிய தொடர் 41.” முறை என்றால் தடவை என்றும் பொருள்படுமே, குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். எண்ணிக்கைக்குத் தடவை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. நாங்கள் பேசும்போது ‘ஒருக்கா’, ‘ரெண்டுக்கா’ என்றுதான் எண்ணுகிறோம், முறை என்று எண்ணுவதே இல்லை. ‘மூன்று தடவை ஃபவுல்’ என்பது எண்ணிக்கை, ‘மூன்றாம் முறையில் ஃபவுல்’ என்பது வரிசை. இந்த ஆட்டத்தில் இந்த வேறுபாடு முக்கியம். தொடர்ந்து மூன்று ஃபவுல் ஆனால் ஃபவுலுக்கு ஒன்றாகப் போகிற புள்ளிக்கு மேல் இன்னொரு 15 போய்விடும்.

எங்கள் நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. ‘இன்னிங்ஸ்’ என்று இருந்த இடத்தில் ‘முறை’, அதற்குப் பக்கத்தில் ‘வாய்ப்பு’. பிரேக்கை முதல் கட்டத்தில் மட்டும் எழுதுகிறோம். தம்பி பழைய பக்கத்தைப் புரட்டி, அன்றைய ஆட்டத்தையும் தன் கையாலேயே திருத்தினார்: முறை 1 – 1, வாய்ப்பு 0 – 1.