உயிர்ப்பா, மறுபிறப்பா?

ஈஸ்டர் வந்தால் போதும், "இயேசு மறுபிறப்பு எடுத்த நாள்" என்று ஏதாவது ஒரு செய்தியில் வாசித்துவிடுகிறார்கள். வாழ்த்துச் சுவரொட்டிகளிலும் அதே கூத்து. பக்கத்துக் கோயிலில் யாரையாவது கேட்டிருந்தால் "உயிர்ப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்.

'ஈஸ்டர்' ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் ஒரு தேவதையின் பெயரால் வழங்கிய மாதத்திலிருந்து பிறந்தது என்று 8ஆம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். இத்தாலியருக்கு அது பாஸ்குவா, ஸ்பானியருக்குப் பாஸ்குவா. எல்லாம் இஸ்ரயேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பாஸ்கா விழாவின் வழி வந்தவை. நம் கோயில்களிலும் முந்தின இரவு வழிபாட்டுக்குப் பாஸ்கா திருவிழிப்பு என்றுதான் பெயர். இலங்கையில் 'உயிர்த்த ஞாயிறு' என்பார்கள். 2019 ஏப்ரல் 21 தாக்குதலையும் அந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள் அந்தப் பெயரால்தான் குறிக்கின்றன.

சரி, மறுபிறப்பில் என்ன கோளாறு? மறுபிறப்பு என்றால் இந்த உடல் போய், இன்னொரு உடலில், இன்னொரு தாய் வயிற்றில் பிறப்பது. தமிழில் அந்தச் சொல்லுக்குக் காலங்காலமாக இருக்கும் பொருள் அது. யோவான் நற்செய்தி சொல்வதோ நேர் எதிர். அடக்கம் செய்த கல்லறை வெறுமையாகக் கிடக்கிறது. சீடர் தோமாவிடம் காட்டப்படும் கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது. புதிதாகப் பிறந்தவருக்குப் பழைய தழும்பு ஏது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1013ஆம் எண்ணில், சாவுக்குப் பின் மறுபிறவி இல்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. அப்புறம் அந்தச் சபையின் தலையாய விழாவுக்கே மறுபிறப்பு என்று பெயர் வைத்தால்?

இன்னொரு சிக்கலும் உண்டு. மறுபடியும் பிறப்பது என்ற பேச்சு கிறிஸ்தவத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தைப் பற்றியது. திருவிழிப்பு இரவில் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி மந்திரிப்பார்கள், அந்த நீரில் புதியவர்கள் திருமுழுக்குப் பெறுவார்கள். பிறப்பு அவர்களுக்கு, உயிர்ப்பு ஆண்டவருக்கு. ஒரே இரவில் இரண்டும் நடப்பதால் செய்தியை மொழிபெயர்த்தவர் குழம்பினார் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த அளவுக்கு யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அகராதிச் செயலியில் முதலில் வந்ததை எடுத்துப் போட்டிருப்பார்.

"மீண்டும் உயிர் பெற்றார்" என்பதும் அரைகுறைதான். செத்த பிறகு இயேசு எழுப்பிய இலாசர் அப்படித்தான் எழுந்தார், பிறகு ஒருநாள் செத்தும் போனார். இயேசு இனிச் சாகவே மாட்டார் என்பதுதான் நம்பிக்கை.

முன்பு கத்தோலிக்கர் நம்பிக்கை அறிக்கையில் "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்று சொன்னார்கள். வயதானவர்கள் வாயில் இன்றும் அது வரும். உத்தானம் என்றால் எழுகை, பொருளில் பிழையில்லை. ஆனால் கேட்கிறவருக்கு விளங்காத சொல் செபத்துக்கு எதற்கு? இப்போது "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்கிறார்கள். நல்ல மாற்றம்.

உயிர்ப்பு என்றால் மூச்சுதானே என்று தமிழறிந்த சிலர் மடக்குவார்கள். உண்மைதான். "நாகம் உயிர்ப்பக் கெடும்" என்ற குறளில் பாம்பு மூச்சுவிட்டதும் எலிப்படை காலி. அதனால் என்ன? மூச்சு நின்றவர் மூச்சோடு எழுந்தார், சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியைத் தந்தார் என்று அதே யோவான்தான் எழுதுகிறார். இதைவிடப் பொருத்தமாக வேறு எந்தச் சொல்லைத் தேடுவது? எழுந்த செயலை அழுத்திச் சொல்ல 'உயிர்த்தெழுதல்', விழாவுக்கு 'உயிர்ப்பு'. இதற்கான கிரேக்கச் சொல் 'அனஸ்தாசிஸ்' என்றால் எழுந்து நிற்பது, அது முதல் சொல்லில் அப்படியே இருக்கிறது.

செய்தித் தலைப்பில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. மறுபிறப்பைவிட உயிர்ப்பில் ஓர் எழுத்து குறைவு.