வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மீன் கடை. குழம்பு மீன் இல்லை, தொட்டி மீன். மேட்டூர்த் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கலவை கரைத்து, கடலில்லாத ஊரில் கண்ணாடிக்குள் ஒரு கடல் வைத்திருக்கிறார் கடைக்காரர்.

அதில் விரல் நீளத்தில் ஒரு நீல மீன். மூக்கில் மெல்லிதாகத் தொடங்கும் கறுப்புப் பட்டை, வால் பக்கம் போகப் போக அகலமாகிறது. பெயர் கிளீனர் ராஸ். அது நெருங்கியதும் பக்கத்தில் இருந்த மஞ்சள் டாங் மீன் அசையாமல் நின்று, துடுப்பை விரித்துச் செவுளைத் திறந்து காட்டியது. சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொடுப்போமே, அதே நிலைதான்.

பவளப்பாறையில் இந்த மீனுக்கு இதுவே பிழைப்பு. மற்ற மீன்களின் தோலிலும் செவுளிலும், ஏன், வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியப் பாறையொன்றில் எண்ணிப் பார்த்ததில், ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றது. ஆனால் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு உண்மையில் பிடித்தது வாடிக்கையாளரின் தோலிலுள்ள வழவழப்பான சளி. சமயம் பார்த்து ஒரு கடி கடிக்கும். கடிபட்ட மீன் வெடுக்கென்று துள்ளும், துரத்தவும் செய்யும்.

இந்த நல்ல பெயரில் குளிர்காய இன்னொரு மீன் உண்டு, போலி கிளீனர். பிளெனி என்ற வேறு குடும்பம். ஆனால் அதே நீலம், அதே பட்டை, மேலும் கீழுமாக ஆடி நீந்தும் அதே ஆட்டம். நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கிள்ளிக்கொண்டு ஓடும். அது தினசரிச் சாப்பாடு இல்லை. மீன் முட்டை, குழாய்ப்புழு இவையும் அதற்கு இரை. பெரிய மீன்கள் இதையும் கிளீனர் என்று நம்பித் தின்னாமல் விடுவதால், அச்சம் இல்லாமல் நடமாடவும் இந்த உருவம் உதவுகிறது என்கிறார்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? நிறத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நின்று முகத்தைப் பாருங்கள். அசலுக்கு வாய் முகத்தின் நுனியிலேயே இருக்கும். போலிக்கு மூக்கு முன்னால் நீண்டு, வாய் அதற்குக் கீழே சுறாவுக்கு இருப்பதுபோல் ஒளிந்திருக்கும். உள்ளே கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்கள். குட்டி ராஸ் மட்டும் குழப்பும்: உடம்பெல்லாம் கறுப்பு, முதுகில் ஒரே நீலக் கோடு.

அப்புறம் ஒரு சங்கதி. பாறையில் அசல் கிளீனர் மீன்களில் ஓர் ஆணுக்குச் சில பெண்கள். ஆண் செத்தால் பெண்களில் பெரியது ஓரிரு மணி நேரத்தில் ஆண்போல் அதிகாரம் செய்யத் தொடங்கும்; இரண்டு, மூன்று வாரத்தில் விந்தணுவே உண்டாகிவிடும்.

"எவ்வளவுண்ணே?" என்று கேட்டேன். "வேணாம் தம்பி. வீட்டுத் தொட்டியில அதுக்குப் பொறுக்க என்ன இருக்கு? பட்டினியில போயிரும்" என்றவர், டாங்குக்குப் பாசித்தாள் கிள்ளிப் போடத் திரும்பினார்.