"ஏதோ நடக்கப்போகுது" என்று மனசு அடித்துக்கொண்டால்

அவசரச் சிகிச்சைப் பிரிவில் மறுபடி மறுபடி கேட்கும் கதை இது. நடுராத்திரியில் வீட்டுப் பெரியவர் வியர்த்துக் கொட்ட எழுந்து உட்காருகிறார். "என்னமோ கெட்டது நடக்கப்போகுது, தம்பிக்கு ஃபோன் போட்டுப் பாரு" என்கிறார். வெளியூரில் இருக்கும் மகன் நலம். திருநீறு பூசி, நெஞ்சில் தைலம் தேய்த்துப் படுக்கவைக்கிறார்கள். விடிந்தபின் டாக்சியில் கொண்டுவரும்போது இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது. வெளியே உறவினர்கள் வியந்து பேசுகிறார்கள்: "அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு!"

முன்கூட்டி ஒன்றும் தெரியவில்லை. அவர் அதைச் சொன்னபோதே மாரடைப்பு தொடங்கிவிட்டது.

இந்த முன்னுணர்வு நம்பிக்கைதான் நேரத்தைத் தின்கிறது. இடக்கண் துடித்தது, நாய் ஊளையிட்டது, பல்லி கத்தியது என்று எத்தனை நாள் மனம் கலங்கியிருப்போம்? ஒன்றும் நடக்காமல் போன நாள்களை யாரும் கணக்கு வைப்பதில்லை. ஏதாவது நடந்துவிட்டால் மட்டும் பழைய பேச்சையெல்லாம் தோண்டி எடுத்துக் கோக்கிறோம். "போன வாரமே நகையப் பத்திப் பேசினாரு", "மீன் குழம்பு வேணும்னு ஆசையா கேட்டாரு." மீன் குழம்பு கேட்பவர் மீன் குழம்பு சாப்பிட விரும்புகிறார், அவ்வளவே. ஆனால் வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் திடீரென்று வரும் மரண பயம் வேறு. அது நோயின் அறிகுறி.

மருத்துவத்துக்கு இது புதிதல்ல. நடக்கும்போது நெஞ்சை இறுக்கும் வலியை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் விவரித்தபோதே, உயிரே போய்விடும் போலிருக்கும் என்று நோயாளிகள் உணர்வதைக் குறித்தார். அவர் வைத்த பெயர் 'ஆஞ்சைனா'. சாகப்போகிறோம் என்ற அந்த உணர்வுக்கு மருத்துவ நூல்கள் தரும் லத்தீன் பெயர் 'ஆங்கோர் அனிமி'. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கழுத்தை நெரிப்பது.

"நெஞ்சு வலிக்கலையே" என்பீர்கள். நீரிழிவு நரம்புகளைக் கெடுத்திருந்தால் வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று வரலாம். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மாரடைப்பு அதிகம் என்பதையும் மறக்காதீர்கள்.

இதயம் மட்டுமல்ல. இறால், கடலை அல்லது புதிய மருந்துக்குப் பிறகு தடிப்பும் மூச்சுத் திணறலுமாக இதே பயம் வந்தால் அது கடும் ஒவ்வாமை. ரத்தம் ஏற்றும்போது நோயாளி "எனக்கு என்னமோ ஆகப்போகுது சிஸ்டர்" என்றால், சமாதானம் சொல்வதற்கு முன் தாதி ரத்தத்தை நிறுத்துவார். எங்களுக்கு அப்படித்தான் கற்றுத்தருகிறார்கள். பதற்ற நோயும் இப்படி வரும், உண்மைதான். ஆனால் அதை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை, கூகலின் வேலை அல்ல.

ஆகவே தயவுசெய்து சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். டாக்சி வேண்டாம், நீங்களே கார் ஓட்டவும் வேண்டாம். ஆம்புலன்சில் வருபவர்கள் இசிஜி எடுப்பார்கள், இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். டாக்சிக்காரர் என்ன செய்வார்? மருத்துவமனைக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பது இலக்கு. வீட்டில் தொலைத்த ஐந்து மணி நேரத்தை அதில் ஈடுகட்ட முடியாது.

நோயாளியை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால் மட்டும் உட்கார்ந்தபடி வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை கூடவே கூடாது. ஆஸ்பிரினா? 995இல் பேசுபவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதல் இசிஜி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டாம் முறை ரத்தம் எடுக்கிறோம்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாசல் கேட்டின் பூட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் கீழே போய் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். மருந்துப் பையை அப்படியே கொண்டுவாருங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.