கடைக்கால் வெட்டும் முன் ரேடானையும் சோதியுங்கள்

சேலத்தில் மனை வாங்கி வீடு கட்டுபவர்கள் இப்போதெல்லாம் மண் பரிசோதனைக்குத் தயங்குவதில்லை. மண்ணின் தாங்குதிறன் என்ன, கடைக்காலை எத்தனை அடி இறக்க வேண்டும், போர் போட்டால் தண்ணீர் கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். மண்ணிடுக்குகளில் இருக்கும் காற்றைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மண் ஆய்வைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அதையும் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பாறையிலும் மண்ணிலும் நுண்ணிய அளவில் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற கதிரியக்க வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும் இவ்வாயு, தரை விரிசல், குழாய் இறங்கும் துளை ஆகியவற்றின் வழியே வீட்டுக்குள் நுழைந்தால் மூடிய அறையில் தேங்கிவிடும். அதிலிருந்து பிறக்கும் பொலோனியம் நுரையீரலில் படிந்து, ஆல்பா கதிர்களால் திசுக்களைத் தாக்குகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே ரேடானைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) இருப்பது நல்லது, எந்த நிலையிலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல்.

சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையில் பொதுவாக யுரேனியம் குறைவு. சங்ககிரிப் பக்கத்துக் கிரானைட் போன்ற பாறைகளில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் பாறையின் பெயரை வைத்து மட்டும் ஒரு மனையைத் தீர்மானிக்க முடியாது. பாறையில் உள்ள விரிசல்களும், மண் எவ்வளவு எளிதாகக் காற்றை விடுகிறது என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ஏற்காட்டில் சரிவை வெட்டி, பின்சுவரை மண்ணோடு ஒட்டி எழுப்பிய வீடுகளில் கீழ்த்தள அறையைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. குளிருக்காகச் சன்னல்களைச் சாத்தி, அறையைச் சூடாக்கிய இரவில், தரையில் குழாய் இறங்கும் இடத்தருகே ஊதுபத்தியைப் பிடித்தால், புகை அறைக்குள் தள்ளப்படுவதைக் காணலாம். அறையின் வெப்பக்காற்று மேலேறி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப மண்ணின் காற்று உறிஞ்சப்படுகிறது. ஏசி போட்டு அடைத்த நகரத்துப் படுக்கையறைகளிலும், உள்ளே வந்த வாயு வெளியேற வழியில்லை.

மனையில் சோதிப்பது எளிது. முனை கழலும் உள்ளீடற்ற இரும்புக் குழாயை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்கி, உள்ளிருந்து முனையைச் சற்றே தட்டிக் கீழே தள்ளினால் சிறு காலியிடம் உருவாகும். அங்கிருந்து பெரிய ஊசிக்குழலால் காற்றை இழுத்து அளவுக்கருவியில் செலுத்துகிறோம். செக் நாட்டில் ஒரு தனிவீட்டு மனைக்கே 15 இடங்களில் இப்படி எடுப்பது வழக்கம். கனமழை பெய்த மறுநாள் எடுக்கும் அளவை நான் நம்புவதில்லை. ஈர மேல்மண் காற்றோட்டத்தை அடைத்துவிடும். மண்காற்றில் கன மீட்டருக்கு 50,000 பெக்கரலைத் தாண்டினால் சுவீடனில் ரேடான் தடுப்புக் கட்டுமானம் தேவை என்று கொள்கிறார்கள்.

மண்ணில் கிடைக்கும் எண் நாளைய அறையின் எண்ணாகிவிடாது. எனவே ஐயத்துக்கு இடமிருந்தால் பேஸ்மட்டத்திலேயே வழி செய்துவிடுங்கள். தரைக் கான்கிரீட்டுக்குக் கீழே நான்கு அங்குலம் ஜல்லி, அதற்குள் துளையிட்ட பிவிசி குழாய், மேலே கிழியாத தடித்த பாலித்தீன் விரிப்பு, குழாயை மொட்டைமாடிக்கு மேல் கொண்டுசெல்லும் ஒரு போக்கி ஆகியவை போதும். விரிப்பின் மீது மேஸ்திரியின் ஆட்கள் கம்பியை இழுத்துக் கிழிக்காமல் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டியபின் இதே வேலைக்குத் தரையைத் துளைக்க வேண்டியிருக்கும், செலவும் பலமடங்காகும்.

குடியேறியபின் தரைத்தளப் படுக்கையறையில் குறைந்தது மூன்று மாதம் ரேடான் அளவி வைத்துப் பாருங்கள். ஏற்காட்டில் என்றால், சன்னல் சாத்தியிருக்கும் மார்கழி, தை மாதங்கள் அதற்குள் வரும்படி தொடங்குங்கள்.