பறித்த பிறகு பழுக்காத பழம்

வாழைத்தாரைக் காயாக வெட்டி வந்து தொங்கவிட்டால் சில நாளில் பழுத்துவிடும். மாங்காயை வைக்கோலில் மூடி வைத்தாலும் அப்படித்தான். திராட்சையிடம் இது நடக்காது. வெட்டிய நேரத்தில் என்ன இனிப்போ, கடைசிவரை அதே இனிப்புதான்.

வாழைக்காய் தனக்குள் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. பின்னால் அதுவே சர்க்கரையாகிறது. திராட்சையிடம் அந்தக் கையிருப்பு இல்லை. இலையில் உருவாகும் சர்க்கரை காம்பு வழியாக வந்தால்தான் உண்டு. காம்பை வெட்டினால் வரத்து நின்றுவிடும். அதனால்தான் திராட்சைக்காரர்களுக்குக் கொடியடியிலேயே காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குளிர்நாடுகளில் தூங்கும் கொடியை எழுப்புவது வசந்தத்தின் வெப்பம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வேலையைக் கவாத்துக் கத்தரி செய்கிறது. கிளையை வெட்டியதும் அதிலுள்ள மொட்டுக் கண்கள் துளிர்க்கும். அங்கிருந்து சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் கிடைப்பது இதனால்தான். ஒரு பந்தலில் பூ, பக்கத்துப் பந்தலில் பழம்.

இந்த நான்கு மாதத்தில் நான் விடாமல் பார்க்கச் சொல்வது நிறம் திரும்பும் நாட்களை. அதுவரை காய் கல் மாதிரி இருக்கும். புளிப்பை மட்டும் சேர்த்துக்கொண்டே வரும். திடீரென்று ஒரு காய் விரலுக்கு நெகிழும். அப்புறம் சர்க்கரை வேகமாக ஏறும், தோலில் நிறம் படியும். புளிப்பு தரும் இரண்டு அமிலங்களில் மாலிக் அமிலத்தைப் பழம் சுவாசத்துக்கு எரித்துவிடும். மற்றதான டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே தங்கும். வெயில் கடுமையானால் மாலிக் இன்னும் சீக்கிரம் தீரும். எல்லாக் காயும் ஒரே நாளில் திரும்புவதில்லை. பச்சை, இளஞ்சிவப்பு, கருநீலம் மூன்றும் ஒரே கொத்தில் நிற்கும். அவ்வளவு அழகு!

பிரான்சின் போன் (Beaune) நகரில் திராட்சை அறுவடைத் தேதிகளை 1354 முதல் தொகுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் சராசரியாக செப்டம்பர் 28-ல் தொடங்கிய அறுவடை, 1988-க்குப் பிறகு சுமார் 13 நாள் முந்திவிட்டது. பூமி சூடாவதைத் திராட்சைக் கொடி இப்படிக் கணக்கெழுதி வைத்திருக்கிறது.

சரி, எப்போது வெட்டலாம்? கொத்தின் தோள்பக்கம், அதாவது காம்பை ஒட்டிய மேல்பகுதி, முதலில் இனிக்கும், நுனி கடைசியில். அதனால் ருசி பார்க்க நுனிப் பழத்தைக் கிள்ளுங்கள். அது புளித்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். இடையில் மழை வந்தால் பழம் நீரை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும் என்பதால், அந்த நாட்களில் கண் கொத்தைவிட வானத்தில்தான் அதிகம் இருக்கும்.