பந்தயக் களத்தில் ஸ்கேனர்: எதைக் கேட்கலாம், எதற்கு உரிமம் வேண்டும்

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் என்றால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இருந்து பைக்கில் கூட்டமாகக் கீழே இறங்கும் இளைஞர்கள் நிறைய. அவர்களில் சிலர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஒரு ஸ்கேனர் (பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோ) வாங்கிக்கொண்டு போனால், டிரைவரும் பிட்டில் (அணி காரைக் கவனிக்கும் இடம்) இருப்பவர்களும் ரேடியோவில் பேசுவதைக் கேட்கலாம்தானே? சும்மா கேட்பதில் என்ன தப்பு?"

உரிமமோ அனுமதியோ இல்லாமல் கேட்கக் கூடாது என்பதுதான் பதில். இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆசை பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களில் இருந்து வருகிறது. அங்கே நாஸ்கார் பந்தயங்களில் ரசிகர்கள் காதில் ஹெட்செட் மாட்டி, வாடகை ஸ்கேனரில் டிரைவர் பேசுவதை நேரடியாகக் கேட்கிறார்கள். அணிகளுக்கும் அது தெரியும். அந்த நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. இங்கிலாந்தில் ஸ்கேனரை வைத்திருக்கலாம், ஆனால் நமக்கென்று அனுப்பாத பேச்சைக் கேட்பது குற்றம். இந்தியாவில் இன்னும் ஒரு படி கண்டிப்பு. கருவியைக் கையில் வைத்திருப்பதே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

1933ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது என்றது. அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டும் அதில் அடக்கம். வீட்டு ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டிய காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1980களில் அந்தக் கட்டணம் போனது. அதனால் ஊட்டி வானொலியின் 101.8, கொடைக்கானலின் 100.5 போன்ற பண்பலை நிலையங்களைக் கேட்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அவை எல்லோருக்குமான ஒலிபரப்பு. போலீஸ், வனத்துறை, பந்தய அணி பேசிக்கொள்வது அப்படி இல்லை.

அப்புறம் 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் 42ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டவிரோதமாக ஒரு செய்தியை இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லேப்டாப்பில் செருகும் பென் டிரைவ் அளவு எஸ்.டி.ஆர். டாங்கிளால் (லேப்டாப்பையே ரேடியோவாக்கும் சின்னக் கருவி) எதையும் அனுப்ப முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். அதனால் தப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் பேச்சைப் பிடிப்பது எந்தக் கருவியில் பிடித்தாலும் ஒன்றுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வாக்கி டாக்கி. ஸ்கேனர் என்று தேடி, விலை குறைவு என்று பலர் கடைசியில் வாங்குவது அதைத்தான். அந்த சைனா செட்டை எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில், கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் ஒரு பட்டன். கேட்கும்போது மேலே பச்சை விளக்கு எரியும். பட்டனை அழுத்தினால் செட் அனுப்பத் தொடங்கும், விளக்கு சிவப்பாகும். சிவப்பு எரிந்தால் நீங்கள் பந்தயத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து அனுப்பினால் பலமான சிக்னல் மற்றதை அமுக்கிவிடும், அல்லது இரண்டும் கலந்து வெறும் இரைச்சலாகும். வளைவில் கார் கவிழ்ந்து, மார்ஷல் (களத்தில் பாதுகாப்பைக் கவனிப்பவர்) ஆம்புலன்சைக் கூப்பிடும் அந்த நொடியில் கூட்டத்தில் ஒருவர் விரல் பட்டனில் பட்டால் போதும். மார்ஷல் கூப்பிட்டது யாருக்கும் கேட்காது.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இந்த செட்டுகளின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே நின்றால் தடைபடும். ஆனால் குன்னூர் லேம்ப்ஸ் ராக் மாதிரி கோவைச் சமவெளியைப் பார்த்து நிற்கும் விளிம்பில் எந்தத் தடையும் கிடையாது. 5 வாட் கைச்செட்டே அங்கிருந்து கீழே வெகுதூரம் கேட்கும். வீட்டு மொட்டை மாடியில் சோதித்துப் பார்ப்பதாக நினைத்து அழுத்துவது மேட்டுப்பாளையம் பக்கம் யாருடைய வேலையையோ கெடுக்கலாம்.

சரி, உரிமையாகச் செய்யக்கூடியது என்ன?

நண்பர்கள் கூட்டத்துக்குள் பேசிக்கொள்ள மட்டும் என்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் செட்டுகளுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு இ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவர்கள் அலைவரிசையையும் உரிமம் தேவையா என்பதையும் விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. அந்த விவரம் இல்லாத செட்டை வாங்காதீர்கள்.

டிரைவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்றால் பந்தயம் நடத்துபவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் பயன்படுத்தும் அலைவரிசைக்கு உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு. ரசிகர்களுக்குக் கேட்கும் செட் கொடுக்க அவர்களே ஏற்பாடு செய்தால் அந்தப் பேச்சு உங்களுக்காகவும் வருவது, தடை இல்லை. ஃபார்முலா 1இல் டிரைவர் ரேடியோவை ஒளிபரப்பிலேயே போடுகிறார்கள்.

ரேடியோ மீதே ஆசை இருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ உரிமம். 12 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் யாரும் அதற்கான தேர்வை எழுதலாம். இரண்டு நிலைகள் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும், பிளஸ் டூ மாணவர் கவனமாகப் படித்தால் தேறிவிடலாம். பொது நிலைக்கு மோர்ஸும் உண்டு. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. தேறினால் வி.யு. (VU) என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஹாம் அலைவரிசைகளில் செட் வைத்துப் பேசலாம். போலீஸையோ பந்தய அணியையோ ஒட்டுக்கேட்க அது அனுமதி தராது. ஆனால் இந்தியாவில் கார் ராலிகளுக்குத் தகவல் தொடர்பில் உதவியாக ஹாம்கள் நிற்பது பழைய வழக்கம். டிக்கெட் வாங்கி வெளியே இருந்து ஒட்டுக்கேட்பதற்குப் பதில், ராலியின் ஒரு கட்டம் முடியும் இடத்தில் செட்டோடு நின்று எந்தக் கார் எப்போது வந்தது என்று சொல்லும் வேலையே கிடைக்கலாம்.

உரிமம் தேவைப்படும் செட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அது கைக்கு வரும்வரை பேட்டரியைக் கழற்றி வையுங்கள், பந்தயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.